மேடைக்கும் தட்டுக்கும் நடுவே நாலடி

பிராட்வேயில் இசை நாடகம் பார்க்க நியூயார்க் போகிறவர்கள், ஓர் இரவை அங்குள்ள காபரே விடுதிக்கும், அதாவது மேசையில் சாப்பிட்டுக்கொண்டே பாட்டுக் கேட்கும் சின்னக் கூடத்துக்கும், ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன் மகள் என்னை ஃபிஃப்டிஃபோர் பிலோ என்ற அப்படியொரு விடுதிக்கு அழைத்துப் போனாள். மேற்கு 54ஆம் தெருவில், ஸ்டூடியோ 54 அரங்கத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. மேலேயுள்ள கட்டடம் 1927இல் ஓபரா அரங்காகத் திறக்கப்பட்டது. 1977இல் உலகப் புகழ் பெற்ற டிஸ்கோவானது. இப்போது மீண்டும் நாடக அரங்கம். கீழே உள்ள விடுதி 2012இல் பிராட்வே பாடகி பேட்டி லுபோனின் கச்சேரியோடு தொடங்கியது.

"அத்தை, டிக்கெட் விலையை முன்பணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். உண்மைதான். டிக்கெட்டுக்கு மேல் ஆளுக்கு 25 டாலருக்காவது சாப்பிட வேண்டும், அல்லது குடிக்க வேண்டும். அதன்மேல் 8.875 சதவீத விற்பனை வரி, பிறகு பரிமாறுபவருக்கு 20 சதவீத டிப்ஸ். 25 டாலர் 32ஐத் தாண்டிவிடும். சைவக்காரர்கள் ஒன்பதாம் அவென்யூவில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து, இந்தத் தொகையை இனிப்பிலும் பானத்திலும் தீர்த்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

சாப்பாட்டுக்காக அங்கே போக வேண்டியதில்லை. பாட்டுக்கும் பேச்சுக்கும்தான் போக வேண்டும். ஏறக்குறைய 150 பேர் அமரும் கூடம். எங்கள் மேசையிலிருந்து மேடை நாலடி தூரம். அன்று பாடிய பெண், பெரிய இசை நாடகங்களில் கதாநாயகிக்கு மாற்றாளாக இருப்பவர். நாயகிக்குத் தொண்டை கட்டினால்தான் இவருக்கு மேடை. மாலைதோறும் ஒப்பனை அறையில் தொலைபேசியைப் பார்த்தபடி காத்திருப்பதை அவர் சொல்லச் சொல்ல, கூடமே சிரித்தது. அடுத்து, ஒத்திகைக் காலத்தில் நாடகத்திலிருந்து வெட்டப்பட்ட பாட்டு ஒன்றை எடுத்தார். கூடவே பியானோ மட்டும். நாடக மேடையில் பாத்திரத்துக்குள் ஒளிந்திருக்கும் குரல் இங்கே சொந்த முகத்தோடு வருகிறது; மூச்சு எங்கே வாங்குகிறார் என்பதுகூடத் தெரிகிறது. சென்னை சபாவில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு நழுவுவோமே, இங்கே கேன்டீனே இருக்கைக்கு வந்துவிடுவதால் யாரும் எழுந்திருப்பதில்லை. பரிமாறுகிறவர்கள் இருட்டில் குனிந்தபடி நடக்கிறார்கள். ஒரு கரண்டிச் சத்தம் இல்லை.

பக்கத்து மேசைக்காரர் விடுதிகளில் பியானோ வாசித்து ஓய்வு பெற்றவர். இடைவெளியில் அவர் சொன்னதுதான் எனக்கு அன்றைய இரவின் பெரிய வரவு. 1940 முதல் 1967 வரை நியூயார்க்கில் மது விற்கும் விடுதிகளில் பாடவும் வாசிக்கவும் காபரே அட்டை என்ற அனுமதிச் சீட்டு வேண்டுமாம். போதைப்பொருள் வழக்கில் 1947இல் சிறை சென்றதால் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் அட்டை பறிபோனது. மறு ஆண்டு, இங்கிருந்து நடக்கும் தூரத்திலுள்ள கார்னெகி அரங்கில் அவர் பாடியபோது கூட்டம் நிரம்பி வழிந்தது. அந்தப் பெரிய அரங்கில் பாடத் தடையில்லை. இதுபோன்ற சின்ன நிலவறையில் பாடினால் குற்றம்! இதுபோன்ற இடங்களில் வாடிக்கையாளர்கள் நடனமாடுவதற்கும் உரிமம் கேட்ட 1926ஆம் ஆண்டுச் சட்டம் 2017இல்தான் நீக்கப்பட்டது.

போக நினைப்பவர்கள் திங்கட்கிழமையைப் பாருங்கள். பிராட்வேயில் பெரும்பாலான நாடகங்களுக்கு அன்று விடுமுறை. ஓடிக்கொண்டிருக்கும் நாடகங்களின் நடிகர்களே இறங்கி வந்து பாடுவார்கள். கை கடிக்கிறது என்றால், 1982 முதல் நடக்கும் டோன்ட் டெல் மாமா என்ற காபரே விடுதி மேற்கு 46ஆம் தெருவில் இருக்கிறது. அதன் பியானோ பாரில் பானம் கொண்டுவருகிறவரே நடுவில் ஒலிவாங்கியைப் பிடித்துப் பாடிவிட்டுப் போவார், அதுவும் நன்றாகவே.