ஏசி பிளக் உருகுது, எம்சிபி விழல. ஏன்?

திருவான்மியூர்வாசி:
ஃபிளாட், மூணாவது மாடி. ஒன்றரை டன் ஏசி, 16 ஆம்பியர் சாக்கெட். பிளக்கில் ஒரு பின் பக்கம் மட்டும் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருக்கு, மீன் கவிச்சி மாதிரி வாடை. எம்சிபி (கரண்ட் அளவு மீறினா தானா விழற சுவிட்ச்) 20 ஆம்பியர், ஒருதடவைகூட விழல. எலக்ட்ரீஷியன் 32 போட்டுடலாம்ங்கிறார். போடலாமா? தீயணைப்பு சிலிண்டர் எது வாங்கலாம்?

ஓம்விதி:
32 வேண்டவே வேண்டாம் சார். எம்சிபி காப்பாத்துறது சுவருக்குள்ள ஓடுற வயரை, ஏசியை இல்ல. 2.5 சதுர மி.மீ. செம்பு வயருக்கு 20 சரி. 32 போட்டா, வயர் வேகும்போதும் அது சும்மா நிக்கும்.

விழாததுக்குக் காரணம், கரண்ட் கூடவே இல்ல. ஏசி இழுக்கிறது 7, 8 ஆம்பியர்தான். பின் பிடிப்பு தளர்ந்து அங்கே அரை ஓம் தடை வந்தா 8 × 8 × 0.5 = 32 வாட். ஒரு சால்டரிங் அயர்னைச் சாக்கெட்டுக்குள்ள ராத்திரி முழுக்க வெச்ச கணக்கு. கடற்கரைப் பக்கம் உப்புக்காத்துல பித்தளை சீக்கிரம் கறுக்கும், தடை இன்னும் ஏறும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மறுபடி மாட்டாதீங்க. சூட்டுல விறைப்பு போன பித்தளை திரும்பப் பிடிக்காது. பிளக், சாக்கெட் ரெண்டையும் சேர்த்து மாத்தணும். கருகின வயரைப் பளிச்னு செம்பு தெரியற வரை வெட்டி எடுங்க. நீளம் பத்தலைன்னு முறுக்கி டேப் சுத்தினா, அதே கோளாறு சுவருக்குள்ள போயிடும். மாத்தினபிறகு அரைமணி ஓட்டி, ஏசியை நிறுத்திட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பு பரவாயில்லை. விரலை எடுக்கவைக்கிற சூடுன்னா வேலை சரியில்லை.

மாடிவீட்டு அம்மு:
30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா துண்டிக்கிற சுவிட்ச்) இருந்தா பிடிக்காதா?

ஓம்விதி:
பிடிக்காதும்மா. போற கரண்டும் திரும்பற கரண்டும் சமமா இருக்கிறவரை அதுக்கு ஒண்ணும் தெரியாது. ஷாக்குக்கு அது கட்டாயம் வேணும், கழட்டிடாதீங்க.

பச்சைமுள்:
சிலிண்டருக்கு வர்றேன். ஐஎஸ்ஐ முத்திரையோட ஏபிசி பவுடர் (கரண்ட் சாமான்ல பத்தின தீக்கும் ஆகிற பொடி), 2 கிலோ. மீட்டர் முள் பச்சையில நிக்கணும். ஏசி ரூம்ல மாட்டாம வாசக்கதவுகிட்ட மாட்டுங்க, தீயைத் தாண்டிப்போய் எடுக்க முடியாது.

முதல்ல மெயினை இறக்குங்க. வெளியே போற வழி முதுகுப்பக்கம் இருக்கட்டும். சிலிண்டரோட சேஃப்டி பின்னை உருவி, ரெண்டு மீட்டர் தள்ளி நின்னு, தீயோட அடியில அடிங்க. வர்றது எட்டு, பத்து விநாடிதான். அதுக்குள்ள அடங்கலைன்னா ரூம் கதவைச் சாத்திட்டு எல்லாரும் இறங்கி, 101 அல்லது 112. லிஃப்ட் கூடாது. அணைஞ்சாலும் எலக்ட்ரீஷியன் பார்க்காம மெயினைப் போடாதீங்க.

எண்ணெய்ச் சட்டி பத்திக்கிட்டா இதைக் கிட்டே நின்னு அடிக்காதீங்க, எண்ணெய் தெறிக்கும். கேஸை மூடி, சட்டிமேல தட்டை நழுவவிட்டு மூடினா போதும். தண்ணி மட்டும் கூடவே கூடாது.

ஓம்விதி:
சிலிண்டரைவிட நம்ம ஊர்ல முதல்ல பார்க்க வேண்டியது கிரில். ராத்திரி உள்பூட்டு போடறவங்க சாவியைக் கதவுகிட்ட, ஆனா வெளியே கை எட்டாத ஆணியில மாட்டுங்க. அப்புறம் மாடிப்படிக்கு அடியில ஈபி மீட்டர் பலகை, அதை ஒட்டி சார்ஜ் ஏறுற ஸ்கூட்டர். அங்கே பத்தினா படிக்கட்டே புகைபோக்கி ஆயிடும், மேல இருக்கிறவங்க இறங்கவே முடியாது. அப்போ வாசக்கதவைச் சாத்தி, இடுக்குல ஈரத்துணி அடைச்சு, பால்கனிக்குத்தான் வரணும். அந்த கிரில்ல ஆள் நுழையற அளவு திறக்கிற கதவு இருக்கா சார்?

திருவான்மியூர்வாசி:
இல்ல. முழுசா வெல்டிங். அதையும் இந்த வாரமே வெட்டச் சொல்றேன்.