பைபர் போட்டில போல்ட் ஒழுக்கு: எந்த சீலன்ட் நல்லது?

நிலாவெளித் தம்பி:
அண்ணாமார், பதினெட்டரை அடி பைபர் போட். எஞ்சின் பூட்டின பின்பலகையில போல்ட் வழியா தண்ணி இறங்குது. அடியிலயும் ஒரு சாண் வெடிப்பு. ஹாட்வெயார் கடையில வெள்ளை சிலிக்கன் டியூப் தந்தாங்கள். வாடைக்குக் கரையில ஏத்தியிருக்கிற நேரத்தில முடிக்கோணும். இது காணுமா?

கொட்பே மெக்கானிக்:
சிலிக்கன் வேண்டாம் தம்பி. தண்ணிக்குக் கீழ நிண்டு பிடிக்காது. உரிச்சாலும் பசை மிஞ்சும், பிறகு பெயின்டும் ரெசினும் (பைபர் நாரை ஒட்டவைக்கிற பிசின்) அதில ஒட்டாது. போல்ட்டுக்கு பாலியூரித்தேன் சீலன்ட்தான்: சிக்காஃப்ளெக்ஸ் 291 அல்லது 3எம் 4200. 3எம் 5200 வாங்காதீங்க; எஞ்சினைக் கழட்டேக்க ஜெல்கோட்டையும் (போட்டின்ட வெளிப்பூச்சு) பிச்சுக்கொண்டு வரும்.

முதல்ல போல்ட்டைக் கழட்டி, ஓட்டைக்குள்ள ஸ்க்ரூட்ரைவரால கிண்டிப் பாருங்க. கறுத்த ஈரத்தூள் வந்தா உள்ள ப்ளைவுட் ஊறிட்டுது, எந்த டியூப்பும் அதுக்கு மருந்தில்லை. பலகை நல்லமெண்டா 12 மி.மீ. ஓட்டையை 18க்குப் பெருப்பிச்சு, தடிப்பாக் கலந்த எபொக்சிப் பசையால அடைச்சு, இறுகினபிறகு திரும்ப 12ல துளையுங்க. வெளிவாயைக் கொஞ்சம் சரிச்சு விரிச்சா சீலன்ட் வளையமா நிக்கும். முதல்ல லேசா முறுக்கி, இறுகவிட்டு, பிறகு தலையை அசையாமப் பிடிச்சு நட்டை மட்டும் முறுக்குங்க. ஒரேயடியா முறுக்கினா சீலன்ட் முழுக்க வெளிய பிதுங்கிடும்.

திருக்கடலூர் வலைக்காரன்:
இன்னொண்டு. பூசின பாலியூரித்தேனை ஸ்பிரிட்டால துடைக்காதீங்க, அது இறுகாமப் பிசுபிசுத்தபடியே கிடக்கும்.

பைபர் பாஸ்:
வெடிப்புக்கு சீலன்டே இல்லை. அலையில அடி வளைய வளைய ரப்பர் ஓரம் கிளம்பிடும். உப்பை நல்லதண்ணியால கழுவிக் காயவிட்டு, கிரைண்டரால சரிவா அராவுங்க: தடிப்பு 5 மி.மீ. எண்டா ரெண்டு பக்கமும் 60 மி.மீ. அகலம். அசிட்டோனால துடைச்சு, 450 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு அவ்வளவு நிறையுள்ள கண்ணாடிநார் விரிப்பு) ஐஞ்சு படை. 100 கிராம் மேட்டுக்கு 250 கிராமளவு ரெசின். வெள்ளை தெரியிற இடமெல்லாம் காத்து நிக்குது, ரோலரால அமத்துங்க. ரெசினை இறுகவைக்கிற ஹாட்னர் கிலோ ரெசினுக்கு 10 மி.லி. காணும். உச்சி வெயிலில கலந்தா டப்பாவிலயே கட்டியாகும். ஹாட்னரையும் அக்சலரேட்டரையும் (இறுகிறதை வேகமாக்கிற மருந்து) நேரடியாச் சேர்க்கவே கூடாது, குண்டு மாதிரி வெடிக்கும்.

நிலாவெளித் தம்பி:
மழைநாளில காஞ்சுதா எண்டு எப்பிடி அறியிறது?

பைபர் பாஸ்:
கூரைக்குக் கீழ வச்சு, அராவின இடத்தில பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப்பால ஒட்டி ஒரு இரவு விடுங்க. விடிய உள்பக்கம் வேர்த்திருந்தா இன்னும் காயேல்ல.