ஆறு பேருக்கு ஃபிறீட் ஹைபிரிட்டா, சியென்டாவா? கொழும்பு நெரிசலுக்கும் மலையேற்றத்துக்கும் எது சரி

வெள்ளவத்தை_ஒழுங்கை

வணக்கம். வீட்டில் ஆறு பேர்: நாங்கள் இருவர், அப்பா, அம்மா, 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்கு முழங்கால் நோ, உயரமான வான் வண்டியில் ஏற முடியாது. தினமும் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை, காலி வீதி நெரிசலில், ஏசி போட்டபடிதான் ஓட்டம். வருடத்தில் இரண்டு தடவை யாழ்ப்பாணம், ஒரு தடவை நுவரெலியா.

பார்த்து வைத்திருப்பவை மூன்று: ஹொண்டா ஃபிறீட் ஹைபிரிட் பழைய உடம்பு (ஜிபி3), புதிய உடம்பு (ஜிபி7), டொயோட்டா சியென்டா ஹைபிரிட் (2015இல் வந்த உடம்பு). மூன்றுமே பாவித்த வாகனம்தான். ஓட்டத்தில் என்ன வித்தியாசம், வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று விபரமாகச் சொல்லுங்கள்.

---

அச்சும்_சில்லும்

அளவில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். ஜிபி3 நீளம் 4,215 மி.மீ., ஜிபி7 4,265, சியென்டா 4,235. அகலம் மூன்றிலும் 1,695. ஜப்பானில் சிறு வாகன வகுப்புக்கு அகல எல்லை 1,700 என்பதால் மூன்றையும் அதற்குள் அடக்கியிருக்கிறார்கள். திரும்பும் ஆரை 5.2 மீற்றர். கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் எதிரே முச்சக்கர வண்டி வந்தாலும் இந்த அகலம் சமாளிக்கும். கதவு பக்கவாட்டில் சறுக்கித் திறப்பதால் மதிலோரம் நிறுத்தியும் ஆட்களை இறக்கலாம். மூன்றிலும் தரை தாழ்வு. அம்மாவின் முழங்காலுக்கு இதில் எதுவும் பிழையில்லை.

வித்தியாசம் எல்லாம் வலுவிலும் கியரிலும்தான்.

ஜிபி3: 1.5 லீற்றர் எஞ்சின் 88 குதிரைவலு, மோட்டர் 14. மோட்டர் எஞ்சின் தண்டிலேயே பூட்டியிருக்கிறது, அதனால் எஞ்சினுக்குத் துணைதான் செய்யும். கியர் சிவிடி (படிகள் இல்லாமல் பட்டியால் மாறும் தானியங்கிக் கியர்).

ஜிபி7: எஞ்சின் 110, மோட்டர் 29.5, கூட்டு வலு 137. ஏழு கியர் இரட்டைக் கிளச்சு. மோட்டரில் மட்டும் புறப்படும்.

சியென்டா: எஞ்சின் 74, மோட்டர் 61, கூட்டு வலு 100. டொயோட்டா அக்குவாவின் முதல் உடம்பில் வந்த அதே எஞ்சின் குடும்பம். கிளச்சும் இல்லை, பட்டி சிவிடியும் இல்லை, கோள் கியர் தொகுதி மட்டும்.

இருக்கைக் கணக்கில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. ஜப்பான் பதிவில் மொத்த எடையைக் கணிப்பது ஆளுக்கு 55 கிலோ என்று. ஆறு இருக்கை என்றால் 330 கிலோ, ஏழு என்றால் 385. நம் வீட்டு நான்கு பெரியவர்களுக்கு ஆளுக்கு 70 வைத்தாலே 280. பிள்ளைகள் இருவருக்கும் 45 சேர்த்தால் 325. அதாவது ஆறு இருக்கை வாகனத்தில் ஆட்களோடு கணக்கு முடிந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும்போது ஏற்றும் பனங்கட்டி, ஒடியல், மாம்பழப் பெட்டி எல்லாம் அதற்கு மேல். உடனே எதுவும் முறியாது. ஆனால் பின் அச்சு இறங்கும், பிறேக் தூரம் கூடும், பின் டயர் சூடேறும். இருக்கை எண்ணிக்கையை வைத்துப் பாரத்தை முடிவெடுக்க வேண்டாம்.

இதே எடையோடு கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக ஏறினால் ஜிபி3 திணறும். அதன் ஹைபிரிட் பற்றரி 100.8 வோல்ற், 5.75 அம்பியர் மணி, பெருக்கினால் 0.58 கிலோவொற் மணிதான். தொடர் ஏற்றத்தில் சில நிமிடத்தில் அது இறங்கிவிடும். பிறகு ஏறக்குறைய 1,800 கிலோவை 88 குதிரைவலு மட்டும் இழுக்க வேண்டும். எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. ஜிபி7 இந்த வேலையைச் சிரமமில்லாமல் செய்யும். சியென்டா இரண்டுக்கும் நடுவில்: ஏறும், ஆனால் எஞ்சின் ஒரே சுருதியில் கத்தும். அது கோளாறல்ல, அந்தக் கியர் அமைப்பின் இயல்பு.

ஜப்பானின் ஜேசி08 எரிபொருள் சோதனையில் ஜிபி3 லீற்றருக்கு 21.6 கி.மீ., ஜிபி7உம் சியென்டாவும் முதலில் வெளிவந்தபோது அவற்றின் கூடிய பெறுமானம் 27.2. காலி வீதியில் இந்த எண்களை எதிர்பார்க்காதீர்கள், மூன்றையும் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

---

கராஜ்_மேசை

ஏசி பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கேட்டவருக்குத் தினசரி நெரிசல். ஜிபி3இல் ஏசி கொம்பிறெசர் எஞ்சின் பட்டியில் ஓடுகிறது. சிக்னலில் எஞ்சின் நின்றால் விசிறிக் காற்று மட்டுந்தான் வரும். பம்பலப்பிட்டிச் சந்தியில் மதியம் இரண்டு நிமிடம் நின்றால் மூன்றாம் வரிசையில் இருப்பவர்கள் வியர்த்துப் போவார்கள், பிறகு எஞ்சின் தானே இயங்கத் தொடங்கும். மற்ற இரண்டிலும் கொம்பிறெசர் மின்சாரத்தில் ஓடும், எஞ்சின் நின்றாலும் குளிர் நிற்காது. வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் ஏற்றிப் போகிறவருக்கு இது பெரிய விசயம்.

இனி வாங்கும்போது பார்க்க வேண்டியவை. முதலில் ஸ்கேனரை (வாகனக் கணினியின் கோளாறுக் குறிகளை வாசிக்கும் கருவி) போட்டு, கோளாறுக் குறி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். எஞ்சினின் சுயசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பல சோதனை 'முடியவில்லை' என்று காட்டினால், யாரோ குறியைச் சமீபத்தில் அழித்திருக்கலாம், அல்லது 12 வோல்ற் பற்றரியைக் கழற்றிப் பூட்டியிருக்கலாம். இரண்டு மூன்று நாள் ஓடிய பிறகு திரும்பப் பார்க்கக் கேளுங்கள். விற்பவர் மறுத்தால் விட்டுவிடுங்கள்.

ஜிபி3இல் இரண்டு இடம்.

ஒன்று, புறப்படும் கிளச்சு. சூடேறிய பின் நின்று புறப்பட்டு 15 கி.மீ. வேகம் வருவதற்குள் உடம்பு நடுங்கினால் அதுதான். பழைய சிவிடி ஒயில் உராய்வுத் தன்மையை இழக்கும், கிளச்சுத் தட்டு மெருகேறிப் பிடித்துப் பிடித்து விடும். முதல் வைத்தியம் ஹொண்டா குறிப்பிட்ட சிவிடி ஒயிலை மாற்றுவது. ஒருமுறை வடித்தால் உள்ளே ஒரு பங்கு தங்கிவிடும். அதனால் வடித்து, நிரப்பி, சில நாள் ஓடி, மறுபடி வடித்து என்று இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். முடிவில் ஸ்கேனரால் கிளச்சு பிடிக்கும் புள்ளியை மறுபடி பதிய வைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத் தவிர்த்துவிட்டு 'ஒயில் மாற்றியும் சரிவரவில்லை' என்பவர்கள் நிறையப் பேர். சாதாரண ஒட்டோ கியர் ஒயிலை ஊற்றினால் பட்டியும் சேர்ந்து கெடும்.

இரண்டு, ஹைபிரிட் பற்றரி. ஏசி போட்டு 20 நிமிடம் நெரிசலில் ஓட்டிவிட்டு, திறந்த இடத்தில் இரண்டு மூன்று தடவை முழுதாக அக்சிலரேற்றர் அழுத்துங்கள். மீற்றரில் 5, 6 கட்டம் காட்டிய சார்ஜ் திடீரென்று 1, 2 கட்டத்துக்கு விழுந்து, பிறகு வேகமாக ஏறினால் கலங்களுக்குள் சமநிலை போய்விட்டது. பி0ஏ7எஃப் (பற்றரி தளர்ந்தது என்ற) குறி வருமுன்பே இந்த அறிகுறி வந்துவிடும். இந்தப் பற்றரி பின்தரைக்குக் கீழே இருக்கிறது. குளிர்காற்று உறிஞ்சும் வாயைப் பையால் மூடிக்கொண்டு ஓடியிருந்தால் ஆயுள் குறைந்திருக்கும். தரைப் பலகையைத் தூக்கித் தூசியைப் பாருங்கள்.

ஜிபி7இல் பற்றரி முன் இருக்கைகளுக்குக் கீழே வந்துவிட்டது, லிதியம்-அயன். அங்கே கவனம் கிளச்சில் இருக்க வேண்டும். அது உலர் கிளச்சு, ஒயிலில் குளிப்பதில்லை, சூடு போக வழி குறைவு. உங்கள் பக்கத்து அடுக்குமாடிகளின் கீழ்த்தளத் தரிப்பிடச் சாய்தளம்தான் நல்ல பரீட்சை. வாகனம் நன்றாகச் சூடான பின், பற்றரி இறங்கியிருக்கும் நேரம் பார்த்து, சாய்தளத்தில் முன்னாலும் பின்னாலும் மெதுவாக ஏற்றுங்கள். நடுக்கம், எரிந்த மணம், 'ட்ரான்ஸ்மிசன் சூடு' எச்சரிக்கை, இதில் எது வந்தாலும் கிளச்சையும் அதை இயக்கும் அக்சுவேற்றரையும் கழற்றிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

---

கோள்_கியர்

சியென்டாவுக்காக நான் எழுதுகிறேன். கொழும்பில் மெதுவாக ஊர்ந்து ஊர்ந்து போகிறவருக்கு, தேயக் கூடிய கிளச்சு இல்லாததே பெரிய நிம்மதி. 1.5 எஞ்சினுக்கு வெளிப்பட்டியே கிடையாது, தண்ணீர்ப் பம்பும் மின்சாரம்தான். ஒயில் 0டபிள்யூ-20, ஃபில்டரோடு 3.7 லீற்றர்.

அதற்கும் நோய் உண்டு. அக்குவா வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்தவைதான். பிறேக்கைத் தொடாமல் 'ஓன்' செய்து வைத்துக் காது கொடுங்கள். பிறேக் அழுத்தப் பம்பு சில வினாடி ஓடி நிற்க வேண்டும். சும்மா நிற்கும்போதே அடிக்கடி ஓடினால் உள்ளே கசிவு, செலவு பெரிது. அடுத்தது, ஹைபிரிட் பற்றரி விசிறியின் சல்லடை. தூசி அடைத்தால் பற்றரி சூடேறி முடிவில் பி0ஏ80 (பற்றரியை மாற்று என்ற) குறி வரும். வருடத்துக்கு ஒருதரம் கழற்றி ஊதினால் போதும்.

நெரிசலில் 'என்'இல் (நியூட்ரல்) போடாதீர்கள். எஞ்சின் ஓடினாலும் அந்த நிலையில் பற்றரி சார்ஜ் ஏறாது, ஏசி மட்டும் அதைக் குடிக்கும். 'டி'இலேயே பிறேக்கைப் பிடித்தபடி நில்லுங்கள்.

மூன்றாம் வரிசை பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. சியென்டாவில் அது இரண்டாம் வரிசைக்குக் கீழே மடிந்து மறையும், பின்னால் தரை சுத்தமாகச் சமதளம். ஆனால் மடிக்கவும் விரிக்கவும் முதலில் இரண்டாம் வரிசையை எழுப்ப வேண்டும், பிள்ளை இருக்கை பூட்டியிருந்தால் அது எரிச்சலான வேலை. மெத்தையும் மெல்லியது. ஃபிறீட்டில் மூன்றாம் வரிசை இரு பக்கச் சுவரிலும் தூக்கித் தொங்கும். மெத்தை தடிப்பு, பெரியவர் இருக்கலாம். தூக்கிய பின் பின்பக்க ஜன்னல் மறையும், தூக்கக் கை பலமும் வேண்டும்.

---

வெள்ளவத்தை_ஒழுங்கை

மிக்க நன்றி. ஜிபி3ஐ விட்டுவிட்டேன். ஆறு இருக்கை ஜிபி7இல் நடு வரிசை தனித்தனி இருக்கை என்பதால் பிள்ளைகள் நடுவால் பின்னுக்குப் போகலாம், அப்பா அம்மா நடுவில் இருக்கலாம். அப்படியானால் பொதிகளைக் கூரையில் கட்டலாமா? டயர் அழுத்தம், நுவரெலியா இறக்கம் பற்றியும் சொல்லுங்கள்.

---

அச்சும்_சில்லும்

கூரையில் பாரமான பொதி வேண்டாம். 1,710 மி.மீ. உயர வாகனம், அகலமோ 1,695. பாரம் மேலே போனால் வளைவில் சாய்வு கூடும், அதிவேகப் பாதையில் பக்கக் காற்று தள்ளும். மென்மையான உடுப்புப் பை இரண்டு கட்டலாம். அரிசி மூட்டை, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் மூன்றாம் வரிசையின் கால்மாட்டில். மூன்றாம் வரிசை விரித்திருக்கும்போது பின்கதவுக்கும் இருக்கைக்கும் நடுவில் ஒரு வரிசைப் பைக்குத்தான் இடம். அங்கே கூரை வரை அடுக்கினால் திடீர்ப் பிறேக்கில் பிள்ளைகளின் தலையில் வரும்.

டயர் 185/65ஆர்15. அழுத்தத்தைச் சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் பாருங்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். பெற்றோல் நிலையத்தில் சூடான டயரில் அளந்து 'கூடிப்போச்சு' என்று காற்றை இறக்குவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. டயர் பக்கச் சுவரில் உற்பத்தி வாரமும் வருடமும் நான்கு இலக்கமாக இருக்கும்: 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். தரையில் படும் வரிகள் தேயாவிட்டாலும் ஆறு ஏழு வருடமான டயரில் குடும்பத்தை ஏற்றி ஏ9இல் ஓட வேண்டாம்.

இறக்கத்தில் முதல் சில கிலோமீற்றருக்கு மோட்டர் சார்ஜ் ஏற்றியபடி வேகத்தைப் பிடிக்கும். பற்றரி நிறைந்ததும் அந்தப் பிடி குறைந்துவிடும், சுமை முழுக்கப் பிறேக் கட்டைகளில் விழும். பலர் பயந்துபோவது இந்த இடத்தில்தான். பற்றரி நிறையுமுன்பே கியரைக் கீழ் நிலைக்கு மாற்றி எஞ்சினைப் பிடிக்க விடுங்கள் (சியென்டா எடுத்தால் 'B' நிலை, தரிப்பு நிலையான 'P' அல்ல). பிறேக்கை லேசாகத் தொடர்ந்து மிதிக்காமல், ஒருமுறை உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள். பிறேக் ஒயில் இரண்டு வருடத்துக்கு மேற்பட்டது என்றால் போகுமுன் மாற்றுங்கள், ஈரம் ஏறிய ஒயில் சூட்டில் கொதித்தால் பெடல் உள்ளே போய்விடும்.

---

கராஜ்_மேசை

ஒன்று விட்டுப்போச்சு. ஜிபி7 பார்க்கப் போகும்போது மின்சாரச் சறுக்குக் கதவு இரண்டையும் பத்துத் தடவையாவது திறந்து மூடிப் பாருங்கோ: சாரதிச் சுவிட்சால், கைப்பிடியால், றிமோட்டால். பாதி வழியில் நின்றால் அல்லது கரகர என்றால் கேபிளோ உருளையோ தேய்ந்திருக்கும். மூடும்போது சுருட்டிய தடித்த துவாயைக் குறுக்கே பிடியுங்கோ, பட்டதும் கதவு பின்வாங்க வேணும். 5 வயதுப் பிள்ளை இருக்கிற வீடு, இதைச் சரி பார்க்காமல் எடுக்காதேங்கோ.