மழைக்காலத்துக்கு முன் டயர் மாற்றுவது: அகலத்தைப் பார்ப்பதா, ரப்பரைப் பார்ப்பதா?

ஆழியாறுவாசி (கேள்வி):
வணக்கம். என் சிறிய காரில் நிறுவனமே பொருத்திக் கொடுத்த 185/65 ஆர்15 (அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு, சக்கரம் 15 அங்குலம்) டயர்களுக்கு ஐந்து வயதாகப் போகிறது. பட்டன்கள் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) பாதிக்கு மேல் இருந்தாலும், மழை பெய்து ஓய்ந்த பிறகு வால்பாறைக்கு ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் முன்சக்கரங்கள் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாமல் வெளிப்பக்கமாக வழுக்குகின்றன. 205/65 போட்டால் தரையைப் பிடிக்கும் பரப்பு கூடும் என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். நீண்ட நாள் உழைக்கும் டயரே நல்லது என்பது இன்னொரு கடைக்காரரின் வாதம். நான்கையும் ஒரே நேரத்தில் மாற்ற வசதி இல்லாததால், இரண்டை மட்டும் வாங்கி முன்னால் போடலாமா என்றும் யோசிக்கிறேன்.

ரப்பர்மணி:
அகலத்தை முதலில் மறந்துவிடுங்கள். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். அந்தப் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை வண்டியின் எடையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும் என்பதால், அகலமான டயரில் அதன் வடிவம் மாறுமே தவிர, அளவு பெரிதாகக் கூடாது. நெடுஞ்சாலையில் தேங்கிய நீர்மேல் வேகமாகப் போகும்போது, அகல டயர் அதிக நீரை ஒதுக்க வேண்டியிருப்பதால் சீக்கிரமே மிதக்கத் தொடங்கும். மேலும், 185/65 டயரின் வெளிவிட்டம் சுமார் 621 மில்லிமீட்டர், 205/65 டயருடையதோ சுமார் 647. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி அதற்கும் 4 கிலோமீட்டர் கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயர் உள்ளே உரசவும் கூடும்.

உங்கள் சிக்கலுக்குக் காரணம் ரப்பர் இறுகியதாகத்தான் இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் நின்று நின்றே டயர் கெட்டிப்பட்டுவிடும். பட்டன் ஆழமாக இருப்பதை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும்: 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் வார்க்கப்பட்டது என்று பொருள். வாங்கும்போதும் இதைப் படித்துப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்; கிடங்கில் இரண்டு ஆண்டுகள் கிடந்த டயரைப் புதிது என்று தருவதும் நடக்கிறது.

நீண்ட நாள் உழைப்பதும் ஈரத்தில் நன்றாகப் பிடிப்பதும் பொதுவாக ஒன்றோடொன்று முரண்படுபவை. பக்கச்சுவரில் டிரெட்வேர் (தேய்மானம்) என்ற சொல்லுக்கு அருகில் உள்ள எண் கூடக் கூட டயர் மெதுவாகத் தேயும். ஆனால் அந்த எண்ணைத் தயாரிப்பாளர்களே தருவதால், இரு நிறுவனங்களின் டயர்களை அதை வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. டிராக்ஷன் (பிடிப்பு) என்பதற்கு ஏஏ, ஏ, பி, சி எனத் தரம் உண்டு. அதுவும் ஈரச் சாலையில் நேர்கோட்டில் பிரேக் பிடித்துச் சோதித்ததே தவிர, வளைவுகளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சிலிக்கா கலந்த ரப்பர் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் என்பதால், அதைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் வண்டியில் இழுவை, திருப்பம், பிரேக்கின் பெரும்பகுதி எல்லாம் முன்சக்கரங்களில்தான் என்பதால், இரண்டு மட்டும் வாங்கினால் முன்னால் போடுவதே சரி என்பது என் கருத்து.

பழைய மெக்கானிக்:
கடைசி வரியை மட்டும் நான் ஏற்கவில்லை. முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கிலேயே தெரிந்துவிடும்; ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பக் கிடைக்கும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். மலை இறக்கத்தில் எடை முன்பக்கம் சாய்ந்திருக்கும்போது அதைச் சமாளிக்கத் தேர்ந்த ஓட்டுநருக்கே கடினம். முன்சக்கர இழுவை வண்டியானாலும் புதிய இரண்டும் பின்னால்தான் போக வேண்டும் என்று டயர் நிறுவனங்களே சொல்வது இதனால்தான். ஆனால், அப்படிச் செய்தால் உங்கள் முன்பக்கச் சிக்கல் அப்படியே இருக்கும். நான்குமே இறுகிப்போயிருந்தால், பணம் சேரும்வரை மழைநாளில் மலையேறாமல் இருப்பது நல்லது.

காற்றைப் பற்றியும் சொல்கிறேன். பிடி கூடும் என்று சிலர் காற்றைக் குறைக்கிறார்கள். ஈரச் சாலையில் அழுத்தம் குறைந்தால் நீர்மேல் மிதப்பது இன்னும் குறைந்த வேகத்திலேயே தொடங்கிவிடும். டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் பக்கக் கதவருகே ஒட்டியுள்ள அளவுப்படி நிரப்புங்கள். ஓடிச் சூடான பிறகு சில பி.எஸ்.ஐ. கூடியிருப்பது இயல்பு, அதைப் பிடுங்கிவிடாதீர்கள். நைட்ரஜனுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை, சாதாரணக் காற்றிலேயே அது 78 விழுக்காடு இருக்கிறது.

ஆழியாறுவாசி:
இருவருக்கும் நன்றி. தேதியைப் பார்த்தேன், நான்கும் ஒரே ஆண்டில் வார்த்தவை. அடுத்த மாதம் அதே 185/65 அளவிலேயே நான்கையும் மாற்றிவிடுகிறேன். தேய்மானத்தை எந்த அளவு வரை விடலாம்?

பழைய மெக்கானிக்:
பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். பட்டன் அவற்றுக்குச் சமமாகத் தேய்ந்தால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று பொருள், சட்டப்படி அதுவே எல்லை. மழையில் ஓட்டுபவர் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது, ஏனெனில் நீர் வெளியேற அதற்குக் கீழே போதிய பள்ளம் இருக்காது. புதிய டயரின் மேற்பரப்பில் அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும் என்பதால், முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டரைச் சமவெளியில் நிதானமாக ஓட்டிவிட்டு, அதன் பிறகு வால்பாறைக்கு ஏறுங்கள்.