ஸ்பான்சர் லைசென்ஸ் போச்சு, கையில் 60 நாள்: எனக்கு எந்த விதி?

குளச்சல்காரி | 2 டிசம்பர் 2025

எல்லாருக்கும் வணக்கம். நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒரு மணி, தூக்கம் வரவில்லை.

ஊரில் பிஎஸ்சி நர்சிங் முடித்து ஆறு வருஷம் வார்டில் வேலை பார்த்தவள் நான். 2023 மே மாதம் ஹெல்த் அண்ட் கேர் விசாவில் இங்கிலாந்து வந்தேன். நர்ஸாக இல்லை, கேர் அசிஸ்டென்டாக. வயசானவர்களின் வீடு வீடாகப் போகிற டொமிசிலியரி வேலை. ஏஜென்டுக்கு 11 லட்சம் கொடுத்தோம். பாதி நகை, பாதி வட்டிக் கடன். அந்த செப்டம்பரில் வீட்டுக்காரரும் மகளும் வந்து சேர்ந்தார்கள். அவருக்கு வேர்ஹவுஸில் நைட் ஷிஃப்ட். மகளுக்கு இப்போது ஆறு வயது.

இந்த வருஷம் அக்டோபரில் ரோட்டா, அதாவது டூட்டி அட்டவணை, மெலிய ஆரம்பித்தது. ஃபோனில் அந்த ஆப்பைத் திறந்தால் வாரம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும், காலைக்கு மஞ்சள், மாலைக்கு நீலம். ஒரு திங்கட்கிழமை திறந்து பார்த்தால் ஒரே வெள்ளை. தினமும் காலை ஏழு மணிக்கு முதலில் ஒரு பாட்டி வீட்டுக்குப் போவேன், 91 வயது. கப்பில் பாலை முதலில் ஊற்றிவிட்டுத்தான் டீ ஊற்ற வேண்டும். இரண்டு ஜோடி சாக்ஸ், உள்ளே பருத்தி, வெளியே கம்பளி. மாற்றிப் போட்டால் அன்றைக்கு முழுக்கப் பேச மாட்டார். அந்தத் திங்கட்கிழமை அவருக்கு யார் சாக்ஸ் போட்டார்களோ.

கேட்டால் "சின்ன ஆடிட்தான், அடுத்த வாரம் சரியாகிவிடும்" என்றார்கள். நவம்பர் 24 தேதியிட்டு உள்துறையான ஹோம் ஆபீஸிலிருந்து மெயில். ஸ்பாமில் கிடந்ததை 28ஆம் தேதிதான் பார்த்தேன். கம்பெனியின் ஸ்பான்சர் லைசென்ஸ், அதாவது வெளிநாட்டவரை விசாவில் வேலைக்கு எடுக்கும் அனுமதி, ரத்தாம். 2026 மே வரை இருந்த என் விசாவை 2026 ஜனவரி 23 என்று குறைத்திருக்கிறார்கள்.

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கேர் விசா ஜூலையிலேயே மூடிவிட்டதாம், இனி யாருக்கும் கிடையாதாம். புது வேலை கிடைத்தாலும் குடும்பம் ஊருக்குப் போகணுமாம். ஐந்து வருஷத்தில் வரும் ஐஎல்ஆர் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) பதினைந்து வருஷம் ஆகிவிட்டதாம். கூட வேலை பார்த்த ஒரு பெண், "ஊருக்குப் போய் இரண்டு மாசம் இருந்துவிட்டு புதுசாக அப்ளை பண்ணு அக்கா" என்கிறாள். விசாவுக்குக் கம்பெனி தர வேண்டிய ஸ்பான்சர் சான்றுதான் சிஓஎஸ். ஒரு ஏஜென்ட் புது சிஓஎஸ்ஸுக்கு 6,000 பவுண்டு கேட்கிறார். நான் வந்தபோது இருந்த விதி எனக்கு உண்டா, இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம்_எக்ஸ்பிரஸ் | 2 டிசம்பர்

6,000 இப்போது மலிவு. எனக்குத் தெரிந்தவர் 9,000 கொடுத்தார். யோசித்துக்கொண்டே இருந்தால் நாள் போய்விடும் சிஸ்டர்.

வுல்வர்ஹாம்ப்டன்வாசி | 2 டிசம்பர்

மேலே எழுதியவர் சொல்வதைக் கேட்காதே தங்கச்சி. அவருக்குத் தெரிந்தவர் கொடுத்த 9,000-க்கு ரசீது இருந்ததா என்று கேட்டுப் பார்.

2024 ஆகஸ்டில் எனக்கும் இதே கடிதம் வந்தது. அதனால் புத்தகத்தில் படித்ததை இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஊருக்குப் போகிற பேச்சை மறந்துவிடு. 2025 ஜூலை 22-இல் மூடியது வெளிநாட்டிலிருந்து புதிதாக வருகிற கேர் வேலைக்காரர்களுக்கான வாசல். ஏற்கெனவே இந்த விசாவில் உள்ளே இருப்பவர்கள் வேறு கேர் ஹோமுக்கு மாறலாம், நீட்டிக்கலாம். குடும்பமும் அப்படித்தான். கேர் வேலைக்கு வருபவர்கள் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது என்ற விதி 2024 மார்ச் 11-இல் வந்தது. நீ அதற்கு முன்பே வந்தவள். விசா இடையில் அறுந்து போகாமல் தொடர்ந்தால், முதலாளி மாறினாலும் அந்தச் சலுகை உன்னோடு வரும். ஊருக்குப் போய் அறுத்துக்கொண்டால் நீயும் புது ஆள்தான். மூடிய வாசல் முன்னால் நிற்க வேண்டியதுதான்.

காசு விஷயம். சிஓஎஸ் கட்டணம் 525 பவுண்டு. அதைக் கம்பெனிதான் கட்டணும். 2024 டிசம்பர் 31-க்குப் பிறகு கொடுத்த சிஓஎஸ் என்றால் அந்தச் செலவை உன் தலையில் கட்ட அவர்களுக்கு அனுமதி இல்லை. வெளிநாட்டு ஆளை எடுப்பதற்காகக் கம்பெனி அரசுக்குக் கட்டும் ஸ்கில்ஸ் சார்ஜையும் உன்னிடம் கேட்கக் கூடாது. வேலை தேடிக் கொடுத்ததற்கு வேலை தேடுபவரிடமே ஏஜென்சி காசு வாங்குவது 1973 சட்டத்திலிருந்தே இந்த நாட்டில் குற்றம். உன் கையிலிருந்து போக வேண்டியது விசா கட்டணம் மட்டும்தான். மூன்று வருஷம் வரைக்கும் ஆளுக்கு 304 பவுண்டு, மூன்று பேருக்கு 912. அரசு மருத்துவத்துக்கான ஹெல்த் சர்சார்ஜ் இந்த விசாவுக்குக் கிடையாது.

இங்கிலாந்தில் வட்டாரவாரியாக 15 கூட்டமைப்புகள் இருக்கின்றன. உன்னைப் போல ஸ்பான்சரை இழந்தவர்களை வேறு கேர் ஹோம்களோடு சேர்த்துவிடுவதற்கென்றே அரசு காசு கொடுத்து நடத்துவது. வெஸ்ட் மிட்லண்ட்ஸுக்கும் ஒன்று உண்டு. இன்றைக்கே பெயரைக் கொடு. வேறு விசாவிலிருந்து ஒருவரை மாற்றி எடுக்கும் முன், இந்தப் பட்டியலில் இருப்பவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று 2025 ஏப்ரலிலிருந்து விதி. நான் தேடியபோது அந்த விதியெல்லாம் இல்லை. 140 இடத்துக்கு எழுதினேன், மூன்று இன்டர்வியூ, 51ஆம் நாள் சிஓஎஸ் கிடைத்தது.

நான் செய்த தப்பை நீ செய்யாதே. கிடைத்த சந்தோஷத்தில் என் பெயருக்கு மட்டும் அப்ளை பண்ணினேன். மனைவியின் விசா என்னோடு தானாக ஓடும் என்று நினைத்தேன். ஓடாது. அவளுக்கும் பிள்ளைக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி கட்டணம். அவள் நாள் தவறி ஒன்பது நாள் ஆகிவிட்டது. தவறிய 14 நாளுக்குள் நியாயமான காரணம் காட்டி அப்ளை பண்ண வழி உண்டு என்பதால் தப்பித்தோம். ஆனால் முடிவு வரும்வரை அவள் வேலைக்குப் போக முடியவில்லை. நான்கு மாசம். அவள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

பழைய_கோப்பு | 3 டிசம்பர்

தங்கச்சி, நான் சட்டத்தரணி இல்லை. ஹரோவில் ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தில் இருபது வருஷம் கோப்பு தூக்கினவன். அதனால் இதைச் சட்ட ஆலோசனையாக எடுக்காமல், பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரிடம் ஒருக்கால் காட்டுங்கோ. இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பெயர் இருக்கிறதோ என்று முதலில் பாருங்கோ. 2025 ஜனவரி வரை ஓஐஎஸ்சி என்றிருந்ததுதான் அது.

60 நாளாகக் குறைத்ததற்கு அப்பீல் இல்லை. ஜுடிஷியல் ரிவியூ (அரசு எடுத்த முடிவைக் கோர்ட் பரிசீலிப்பது) என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதுக்குச் செலவழிக்கிற காசில் நீங்கள் மூன்று தரம் விசா எடுத்துவிடலாம். ஜனவரி 23-க்கு முதல் விண்ணப்பம் உள்ளே போனால், முடிவு வரும்வரை பழைய அனுமதி சட்டப்படி நீளும். 1971 குடியேற்றச் சட்டத்தின் 3சி பிரிவு. ஆனால் அந்த இடைக்காலத்தில் நீங்கள் புது இடத்தில் வேலை தொடங்க ஏலாது, விசா வந்த பிறகுதான். கணவர் தன்ர வேலையைத் தொடரலாம், அவரும் நேரத்துக்கு விண்ணப்பித்திருந்தால். வேர்ஹவுஸ்காரர் ஹோம் ஆபீஸில் சரிபார்க்க வேண்டிவரும், முன்கூட்டியே சொல்லி வையுங்கோ. விண்ணப்பம் போட்ட பிறகு நாட்டைவிட்டு வெளியே போனால் அதை வாபஸ் வாங்கினதாக எடுப்பார்கள். சாவு வீடு என்றாலும் அதே விதிதான்.

இனி நீங்கள் கேட்ட பெரிய கேள்வி, வந்தபோது இருந்த விதி. இதில் கன பேருக்கு ஒரு பிழையான எண்ணம். விண்ணப்பம் போட்ட நாளில் இருந்த விதி என்று நினைக்கினம். 2006-இல் ஒரு நைஜீரிய டாக்டர் ஜனவரியில் விண்ணப்பித்தார், ஏப்ரல் 3-ஆம் திகதி விதி மாறியது, புது விதிப்படி மறுத்தார்கள். ஒடெலோலா வழக்கு. அப்ப உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய் 2009-இல் அவர் தோற்றார். புது விதியிலேயே வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் ஒழிய, முடிவு எடுக்கிற நாளில் எந்த விதியோ அதுதான். ஆகவே 2024 மார்ச் 11, 2025 ஜூலை 22 என்று வுல்வர்ஹாம்ப்டன் தம்பி சொன்ன விலக்குகள் விதிக்குள்ளேயே எழுதி இருக்கிறபடியால்தான் உங்களுக்குக் கிடைக்குது. ஆரின்ர கருணையும் இல்லை.

ஐஎல்ஆர் இன்று வரைக்கும் ஐந்து வருஷம்தான். பத்து வருஷம் பொது, டிகிரி நிலைக்குக் கீழான வேலைக்குப் பதினைந்து என்பது நவம்பர் 20-ஆம் திகதி அரசு வெளியிட்ட யோசனை. பெப்ரவரி 12 வரைக்கும் கருத்துக் கேட்கிறார்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களையும் அது பிடிக்கும் என்றுதான் எழுதியிருக்கு. நீங்களும் எழுதிப் போடுங்கோ, இணையத்தில்தான், காசில்லை.

அப்படிப் பின்தேதியிட்டு மாற்றினதை ஒருக்கால் கோர்ட் தடுத்திருக்கு. எச்எஸ்எம்பி என்ற திறமைசாலிகள் திட்டம். 2006-இல் நடுவழியில் விதியை மாற்றினார்கள், ஐஎல்ஆர் நாலு வருஷம் என்றதை ஐந்தாக்கினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து வழக்குப் போட்டு 2008-இலும் 2009-இலும் ஹைகோர்ட்டில் வென்றார்கள். அப்ப நான் அந்தக் கோப்புகளைக் கட்டிக்கொண்டு ஓடினவன், ஆகையால் கொஞ்சம் பெருமையாகவே சொல்லுறன். ஆனால் அந்தத் திட்டத்தின் கையேட்டிலேயே வாக்குறுதி போல எழுதி வைத்திருந்தார்கள், அதைப் பிடித்துத்தான் வென்றது. கேர் விசாவுக்கு அப்படி ஒரு கடதாசி இருக்கிறதாக எனக்குத் தெரியேல்லை. அதை நம்பிக் கடன் வாங்காதேங்கோ.

குளச்சல்காரி | 3 டிசம்பர்

அண்ணன்மார் இரண்டு பேருக்கும் நன்றி. ஊருக்குப் போகவில்லை. ஏஜென்ட் நம்பரை பிளாக் பண்ணிவிட்டேன்.

வீட்டுக்காரர் டிப்ளமா மெக்கானிக்கல். அவர் பெயரில் ஸ்பான்சர் வாங்கி நான் டிபென்டென்டாக மாறினால் நல்லதா? இன்னொன்று, நான் நர்ஸ்தானே, அதற்கு ஏதும் வழி உண்டா?

வுல்வர்ஹாம்ப்டன்வாசி | 3 டிசம்பர்

அவருக்குக் கஷ்டம். இப்போது ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்குப் பொதுவாக டிகிரி நிலை வேலையும் 41,700 பவுண்டு சம்பளமும் கேட்கிறார்கள். வேர்ஹவுஸ் அதில் வராது. கிடைத்தாலும் ஐஎல்ஆர் கணக்கு உங்கள் இரண்டு பேருக்கும் பூஜ்யத்திலிருந்து.

நர்ஸ்தான் உன் வழி. நர்ஸ் வேலை டிகிரி நிலையில் இருக்கிறது, அதனால் இந்தக் கேர் சண்டை எதுவும் உன்னைத் தொடாது. அதுவும் ஸ்கில்டு ஒர்க்கர் விசாதான் என்பதால் 2023-இலிருந்து ஓடிய நாட்களும் கணக்கில் நிற்கும். நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்எம்சிக்கு ஆங்கிலம் காட்டணும், சிபிடி என்ற கம்ப்யூட்டர் தேர்வு, அப்புறம் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. ஓஇடி ஆங்கிலத் தேர்வு எழுதியிருக்கிறாயா?

குளச்சல்காரி | 4 டிசம்பர்

எழுதினேன் அண்ணா, போன வருஷம். எல்லாம் பி, ரைட்டிங்கில் மட்டும் சி. சி பிளஸ் வேண்டும். டூட்டி முடிந்து பஸ்ஸில் படித்து எழுதியது, அவ்வளவுதான் வந்தது.

வுல்வர்ஹாம்ப்டன்வாசி | 4 டிசம்பர்

அட, அதற்குத்தான் சைஃப் என்று ஒன்று இருக்கிறதே! 2023 பிப்ரவரியிலிருந்து. அரை கிரேடு குறைந்தவர்களுக்கு, இங்கே ஒரு வருஷம் ஹெல்த் அல்லது கேர் வேலை பார்த்திருந்தால், மேலாளர் ஆங்கிலம் போதும் என்று எழுதிக் கொடுக்கலாம். எழுதுபவர் என்எம்சியில் பதிவான நர்ஸாக இருக்கணும், மேலே இன்னொரு நர்ஸ் ஒப்புக் கையெழுத்துப் போடணும். உன் பழைய ஆபீஸில் நர்ஸ் யாராவது உண்டா?

குளச்சல்காரி | 4 டிசம்பர்

ஒருவர்கூட இல்லை. மேனேஜருக்கு கார் வியாபாரம்.

வுல்வர்ஹாம்ப்டன்வாசி | 4 டிசம்பர்

அப்படியென்றால் தேடுவதை நர்சிங் ஹோமாகத் தேடு. ரெசிடென்ஷியல் கேர் ஹோம் இல்லை, நர்ஸ் டூட்டியில் இருக்கிற நர்சிங் ஹோம். சம்பளம் இரண்டிலும் ஒன்றுதான், மணிக்கு 12.82-க்குக் குறையக் கூடாது. வித்தியாசம் கையெழுத்துப் போட ஆள் இருப்பதில்தான்.

குளச்சல்காரி | 15 ஜனவரி 2026

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். டெல்ஃபோர்டில் ஒரு நர்சிங் ஹோம் எடுத்துக்கொண்டது. கூட்டமைப்பு மூலமாகத்தான். ஜனவரி 12 சிஓஎஸ் வந்தது. பார்த்தால் பாஸ்போர்ட் நம்பரில் ஒரு எண் தப்பு! 6-க்குப் பதில் 8. வுல்வர்ஹாம்ப்டன் அண்ணன் ராத்திரி பத்து மணிக்கு ஃபோனில் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கச் சொன்னார், அதில்தான் மாட்டியது. அவர்கள் மறுநாள் திருத்தக் குறிப்பு போட்டார்கள். நேற்று மாலை மூன்று பேருக்கும் தனித்தனியாகப் போட்டுவிட்டேன். 912 பவுண்டு.

இப்போது நான் வீட்டில். அவர் நைட் போகிறார். மேட்ரன் ஒரு மலையாளி சேச்சி, ஒரு வருஷம் முடியட்டும், படிவத்தைக் கொண்டு வா என்றார்.

பழைய கம்பெனி அக்டோபர் 31 சம்பளத்தில் காண்ட்ராக்டில் இருந்த 39 மணி நேரத்துக்குப் பதில் 14 மணி நேரம்தான் போட்டது. அதைக் கேட்க முடியுமா?

பழைய_கோப்பு | 15 ஜனவரி

கேட்கலாம். வேலைத் தகராறுகளைப் பார்க்கிற ஏகாஸில் முதலில் பதியவேணும், காசில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு, அதாவது ஜனவரி 30 கடைசி. பேஸ்லிப்பும் அந்த வெள்ளை ரோட்டாவின் ஸ்கிரீன்ஷாட்டும் வைத்திருக்கிறீங்களோ?

குளச்சல்காரி | 15 ஜனவரி

இரண்டும் இருக்கிறது.

பழைய_கோப்பு | 15 ஜனவரி

அப்ப இண்டைக்கே போடுங்கோ.