[சொல்லாக்கம்] எஸ்எம்இ 3009 கையேடு: ‘பயஸ்’ தமிழில் என்ன?

இரா.:
வணக்கம். காரார்டு 301 என்ற இசைத்தட்டுச் சுழல்மேடையில், ஊசியைத் தாங்கும் எஸ்எம்இ 3009 இரண்டாம் வரிசைக் கையைப் பொருத்தும் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இடைச்சக்கரம் (மோட்டாரின் சுழற்சியை மேடைக்குக் கடத்துவது), ஊசிப்பாரம் (ஊசி தட்டை அழுத்தும் எடை), மிகைநீட்டம் (ஊசி தட்டின் மையத்தைத் தாண்டி நீளும் அளவு) ஆகிய சொற்கள் முடிந்தன. மிச்சம், நைலான் நூலில் தொங்கும் சிற்றெடை செய்யும் வேலையின் பெயர். எஸ்எம்இ நிறுவனம் அதைப் ‘பயஸ்’ என்கிறது, மற்றவர்கள் ‘ஆன்டி-ஸ்கேட்டிங்’ என்கிறார்கள். இப்போதைக்குச் ‘சறுக்கல் எதிர்ப்பு’ என்று போட்டிருக்கிறேன்.

க.:
சறுக்கல் வேண்டாம் ஐயா. வரிப்பள்ளத்துக்குள் இருக்கும் ஊசி எங்கே சறுக்குகிறது? தலைப்பகுதி உள்நோக்கி வளைந்திருப்பதால், தட்டு ஊசியை இழுக்கும் கோடு கையின் சுழல்மையத்தின் வழியே போவதில்லை. அதனால் கை நடுவை நோக்கித் திரும்பப் பார்க்கிறது, ஊசி உள்சுவரில் அழுந்துகிறது. உள்சுவரில் இடது ஒலித்தடம், வெளிச்சுவரில் வலது. உரத்த இடங்களில் வலது ஒலிபெருக்கி மட்டும் கரகரத்தால் நூலில் தொங்கும் எடை போதவில்லை என்று பொருள். ‘சறுக்கல்’ என்று எழுதினால் வாசகர் வரியில்லாத மொட்டைத்தட்டை வைத்து, கை நகராமல் நிற்கும்வரை நூலை மாற்றிக்கொண்டிருப்பார். மொட்டைத்தட்டில் ஊசிமுனை மட்டும் உரசுகிறது, வரியிலோ இரு சுவர்களும் உரசுகின்றன. அந்த அளவு இங்கே உதவாது.

மு.:
பயஸ் என்றால் ஒருபக்கம் சாய்தல். ‘ஒருபால் கோடாமை’ என்று வள்ளுவர் துலாக்கோலை வைத்தே சொல்லிவிட்டார். இந்தக் கையும் கத்திமுனைத் தாங்கியில் நிற்கும் துலாக்கோல்தானே? கோடு, கோடல், கோட்டம் எல்லாம் ஒரே வேர். ‘கோடாவிசை’ என்போம்.

க.:
கோடாவிசை என்றால் கோடாத விசை. கோடாமல் காக்கும் விசை என்ற பொருள் எப்படி வரும்? தவிர, தலை வளைந்திருக்கும் கோணத்துக்கு நான்காம் பக்கத்தில் ‘கோட்டக்கோணம்’ வந்துவிட்டது. காரணத்துக்கும் மருந்துக்கும் ஒரே வேரா?

சு.:
‘உள்நாட்டம்’ எப்படி? எதிர்விசை ‘உள்நாட்டத் தடை’.

மு.:
புணர்த்தினால் உண்ணாட்டம், அம்மா. உள்நாக்கு உண்ணாக்கு ஆனதுபோல. பிரித்தே எழுதுவேன் என்றால் இலக்கணம் எதற்கு? துலாவும் வடசொல்தான், ‘தெரிகோல் ஞமன்’ என்று புறநானூற்றில்…

சு.:
சாப்பாட்டு மறுப்புப் போராட்டம் போலிருக்கிறது, விட்டுவிடுகிறேன். ஆனால் தெரிகோல் ஞமன் எந்தப் பழுதுபார்ப்பவருக்குப் புரியும்? ‘பயஸ்’ என்றே விடுங்கள். கடையில் அப்படித்தான் கேட்பார்கள்.

க.:
பெயரைவிடச் சரிசெய்யும் வரிசை முக்கியம், ஐந்தாம் பக்கத்தில் அது தலைகீழாக இருக்கிறது. முதலில் ஊசிப்பாரம். பிறகு கையின் அடித்தட்டை முன்பின் நகர்த்தி மிகைநீட்டம் (இந்தத் தலையில் ஊசிப்பெட்டியை நகர்த்தப் பிளவு இல்லை, அடித்தட்டுதான் நகரும்). அடுத்து, தட்டின்மேல் ஊசி இறங்கிய நிலையில் கை தட்டுக்கு இணையாக இருக்கும்படி, கையைத் தாங்கும் தூணின் உயரம். நூல் கடைசியில்தான். ஊசிப்பாரம் மாறினால் உராய்வும் மாறும், நூல்கண்ணியையும் அது மாட்டியிருக்கும் கம்பியின் அடுத்த பள்ளத்துக்கு மாற்ற வேண்டிவரும். ஊசிப்பாரத்தை 1.5 கிராமிலிருந்து ஏற்றிவிட்டு நூலைப் பழைய பள்ளத்திலேயே விடுவதுதான் வழக்கமான தவறு. சொல்லுக்கு என் யோசனை ‘உள்ளிழுப்பு ஈடு’. தனிக்குறில் முன் ஒற்று இரட்டியிருக்கிறது, மு. ஐயாவுக்கும் குறையிராது.

இரா.:
நேரமில்லை. முதல் இடத்தில் ‘உள்ளிழுப்பு ஈடு, அதாவது பயஸ்’, அப்புறம் ‘உள்ளிழுப்பு ஈடு’ மட்டும். வரிசையைத் திருத்திவிட்டேன். மூவர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

மு.:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பின்பக்கத்து எதிரெடையை மூன்றாம் பக்கத்தில் ‘ஈட்டெடை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நூலில் தொங்குவதும் எடை, அதுவும் ஈடு. வாசகர் எதைத் திருகுவார்?