சார்ஜரால் பயந்துபோன அனுபவம் யாருக்காவது உண்டா?

திருநகர் அப்பா:
போன சனிக்கிழமை நடந்தது, இன்னும் மனசு ஆறவில்லை. டேப்லெட்டோடு வந்த சார்ஜர் தொலைந்துபோனதால் பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் தள்ளுவண்டியில் 150 ரூபாய்க்கு ஒன்று வாங்கியிருந்தேன். பாப்பா அதைப் பிடுங்க இழுத்திருக்கிறாள், வெள்ளை மூடி மட்டும் கையோடு வந்துவிட்டது. பின் இரண்டும் பச்சை போர்டும் பிளக்கிலேயே நிற்கின்றன, சுவிட்ச் அணைக்கவில்லை. "அப்பா, உடைஞ்சிருச்சு, மாட்டிரவா?" என்று விரலை அதன் பக்கம் கொண்டுபோகிறாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டார். விரலுக்கும் போர்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. பிறகு பார்த்தால் அந்த மூடி நின்றதே இரண்டு பொட்டுப் பசையில்.

மேலூர்க்காரி:
எங்கள் வீட்டில் வாடை வந்து எழுப்பியது. தம்பி மகன் ஜங்ஷன் பாக்ஸை மெத்தைமேல் வைத்து, போனைத் தலையணைக்கு அடியில் சொருகிக்கொண்டு தூங்குவான், எத்தனை தடவை வைதாலும் கேட்கமாட்டான். ராத்திரி ரெண்டு மணிக்கு பிளாஸ்டிக் கருகும் நாற்றம். லைட்டைப் போட்டால் விரிப்பில் சார்ஜர் அளவுக்குச் சதுரமாகப் பழுப்புத் தடம். அந்த விரிப்பை இன்னும் மடித்து வைத்திருக்கிறேன். ஒரிஜினல் மட்டும் வாங்குங்கள், தொட்டால் சுருசுரு என்று இருந்தாலே டூப்ளிகேட்தான்.

வாடிப்பட்டி எலக்ட்ரீஷியன்:
அக்கா, கடைசியில் சொன்னதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. சார்ஜில் இருக்கும் மெட்டல் பாடி போனை வெறுங்காலோடு தொட்டால் நல்ல சார்ஜரிலும் சுருசுரு என்று இருக்கும். ரெண்டு பின் சார்ஜருக்கு எர்த் கிடையாது. உள்ளே 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும், அதன் வழியாகத் துளி கரண்ட் கசியும், அது ஒன்றும் செய்யாது. மலிவுச் சார்ஜரில் அந்த இடத்தில் கிடைத்ததைப் போட்டுவைத்திருப்பார்கள், அது ஷார்ட் ஆனால் முழு கரண்டும் யூஎஸ்பி வயருக்கு வந்துவிடும், பயப்பட வேண்டியது அதற்குத்தான். சோழவந்தானில் ஒரு வீட்டில் செத்துப்போன சார்ஜரைப் பிரித்தேன், ரெண்டு பக்கத்துக்கும் நடுவே தீக்குச்சி கனம்கூட இடைவெளி இல்லை, நான் பார்த்தது அவ்வளவுதான்.

அப்புறம், யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், வாட் அதிகமானால் போன் எரிந்துவிடும் என்று நினைத்துக் குறைந்த வாட் லோக்கல் சார்ஜரை வாங்காதீர்கள். 65 வாட் டைப்-சி சார்ஜரும் முதலில் 5 வோல்ட்தான் கொடுக்கும், போன் கேட்டால்தான் 9, 15 என்று ஏற்றும். சார்ஜர் மேலேயே பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் எட்டு இலக்க எண்ணும் இருக்க வேண்டும், அதை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் யார் பெயரில் பதிவு என்று காட்டும். திருநகர் அண்ணே, மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாகவே சப்ளையை வெட்டிவிடும் சுவிட்ச், இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், இல்லையென்றால் போட்டுவிடுங்கள், பிள்ளை இருக்கும் வீடு.

உசிலம்பட்டி ஆள்:
எண் இருந்தால் மட்டும் போதாது தம்பி. டவுனில் ஒரு கடையில் சீல் பிரிக்காத பெட்டி, 900 ரூபாய், எண் பளிச்சென்று அச்சடித்திருந்தது. அங்கேயே நின்று ஆப்பில் போட்டேன், வேறு ஏதோ கம்பெனி, வேறு பொருள் வந்தது. கடைக்காரரிடம் காட்டினேன். ஒரு வார்த்தை பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார், அந்தப் பெட்டியை எடுத்து அதே கொக்கியில் திரும்ப மாட்டினார். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன். அடுத்து அதை யார் வாங்கினார்களோ.

திருநகர் அப்பா:
தம்பி, எங்கள் வீட்டில் ஆர்சிசிபி இல்லை, திங்கட்கிழமை ஆள் வருகிறார். புது சார்ஜரின் எண்ணை ஆப்பில் சரிபார்த்துத்தான் வாங்கினேன். பாப்பா இப்போது ஃபேன் சுவிட்ச் போடுவதற்கே என்னைக் கூப்பிடுகிறாள்.